அரைச் சுற்று

“தப்பு என்மேலதான் அத்தான். தொடாதேன்னு நீங்க சொன்ன திருகாணியைத் திருகிட்டேன்.”

மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் பட்டறை முழுவதும் கேட்கும்படி சொன்னான். சரக்கு வண்டியிலிருந்து இறக்கிய அவனுடைய பைக், கழுத்து வரை எண்ணெய் பூசிக்கொண்டு நின்றது. மெக்கானிக் அதற்கு டர்போ பூட்டிக் கொடுத்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

மெக்கானிக்கின் காதெல்லாம் சூடேறியது. பார்த்துப் பார்த்து இன்றைக்குத்தானா இது வந்து நிற்க வேண்டும்? அந்த பைக்கைப் பற்றி மைத்துனன் அளந்த அளப்பைக் கேட்டுத்தான், அவனுடைய பைக் குழுவினர் ஆறு பேர் தங்கள் வண்டிகளையும் ஒப்படைக்கலாமா என்று பார்த்துப்போக வந்திருந்தார்கள். ஆறு மாதமாக ஈயோட்டிக்கொண்டிருந்த பட்டறை. இந்த வேலையும் கைவிட்டுப் போனால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

குழுவின் தலைவி ஒரு பல் டாக்டர். சற்று முன்புவரை அவர் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“டர்போ காத்தை அமுக்கி உள்ள தள்ளுது, சரி. அந்த அதிகக் காத்துக்கு ஏத்த பெட்ரோல் எங்கிருந்து வரும்ணே?”

“மூணு வழி இருக்கும்மா. கம்ப்யூட்டர் வச்சு அளந்து விடலாம். தனியா இன்னொரு இன்ஜெக்டர் போட்டு, வேணுங்கிறப்போ மட்டும் தெளிக்க விடலாம். மூணாவது என் வழி. பெட்ரோல் லைன்ல ஒரு ரெகுலேட்டர். காத்து ஏற ஏற, ஒரு சின்ன ரப்பர் குழாய் அதுக்குச் சேதி சொல்லும். உடனே அது பெட்ரோல் அழுத்தத்தை ஏத்திக் குடுக்கும்.”

“கம்ப்யூட்டர்தானே துல்லியம்?”

“கம்ப்யூட்டர் தப்பு பண்ணும். என் கை பண்ணாது.”

கம்ப்யூட்டர் வேலை தனக்குத் தெரியாது என்று சொல்ல அவருக்கு வெட்கம். அந்த வெட்கத்துக்குப் போட்டுவிட்ட சட்டைதான் இந்த வீறாப்பு. அதைப் பேசி வாய் மூடுவதற்குள் சரக்கு வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது.

“எவ்வளவு திருகினே?” என்றார் மைத்துனனிடம்.

“அரைச் சுத்து. இன்னிக்குக் காலையிலதான் முதல்தடவையா ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கினேன். படார்னு ஒரு சத்தம், ஒரே புகை.”

“மஞ்சள் கோடு போட்டு வச்சிருந்தேனே, கண்ணு தெரியலையா?”

டர்போவின் ஊதலைக் கூட்டிக் குறைக்கும் திருகாணி அது. அதன் தலைக்கும் அது அமர்ந்திருக்கும் தகட்டுக்கும் சேர்த்து, குறுக்கே ஒரே கோடாகப் பெயின்ட் அடித்துவைப்பது அவர் வழக்கம். துளி திருகினாலும் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

“தெரிஞ்சுது அத்தான். புத்தி கெட்டுப்போச்சு.”

“டேங்க்கைத் தூக்கிப் பாத்தியா?”

“பாத்தேன். ஒண்ணும் புரியல. அப்படியே மூடிட்டேன்.”

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவதற்காக மெக்கானிக் டேங்க்கைத் தூக்கினார்.

ரெகுலேட்டருக்குச் சேதி சொல்ல வேண்டிய ரப்பர் குழாயின் வாயில் ஒரு துண்டு போல்ட். காற்றுக் கசிகிறதா என்று சோதிக்க அவரே சொருகிய அடைப்பு. சோதனை முடிந்ததும் அதை உருவிவிட்டு, குழாயை ரெகுலேட்டரில் மாட்டியிருக்க வேண்டும். மறந்திருக்கிறார். காற்று ஏறியிருக்கிறது, சேதி போகவில்லை, பெட்ரோல் போதவில்லை. அந்தச் சூட்டில் எஞ்சின் தன்னையே பொசுக்கிக்கொண்டது.

மைத்துனன் அவமானத்தில் ஒடுங்கி, அவரை ஒட்டியே நின்றிருந்தான். அவனுடைய அகன்ற முதுகு ஆறு பேருக்கும் மறைப்பாக இருந்தது. நல்லவேளை என்று மெக்கானிக் இரண்டு விரலால் போல்ட்டை உருவிப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

பிளக் துளை வழியாக விட்ட சிறு கேமரா, செல்போன் திரையில் பிஸ்டனைக் காட்டியது. நட்டநடுவே ஓட்டை.

“பல்லுல ஓட்டை தினமும் பாக்கறேன். பிஸ்டன்ல இப்பதான் பாக்கறேன்” என்றார் டாக்டர். “ஆக, எல்லாத்துக்கும் அந்த அரைச் சுத்துதான் காரணமாண்ணே?”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் இல்லை. மெக்கானிக் வாயைத் திறந்தார்.

“அது போதும்மா. சொல்பேச்சு கேக்கலைன்னா இதான் கதி. டேய், உன்னை நம்பி இதைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

“இல்ல அத்தான், என்னைத்தான் சொல்லணும்.”

“இவனுக்கெல்லாம் டர்போ எதுக்கு? சைக்கிளே ஜாஸ்தி!” என்றார் குழுவில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். மைத்துனனும் சேர்ந்து சிரித்தான். மெக்கானிக்கின் தொடையில் அந்தத் துண்டு போல்ட் நெருப்பாய்ச் சுட்டது.

“நீங்க ஒழுங்காத்தான் செஞ்சிருக்கீங்க. கெடுத்தது இவரு” என்று டாக்டர் முடிவாகச் சொன்னார். “ஆறு வண்டியும் உங்ககிட்டதான்ணே.”

அவர்கள் வாசலுக்கு நகர்ந்தார்கள். மைத்துனனும் கிளம்பினான். “வரேன் அத்தான். அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தோலை உரிச்சுடுவா.”

மெக்கானிக்கால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தே தலையாட்டினார். ஆனாலும் அவன் திருகியதும் தப்புதானே, பாதிப் பழி அவனுக்கும் உண்டுதானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார். அந்த அரைச் சுற்றைப் பழையபடி திருப்பிவைக்கலாம் என்று பைக்கின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, திருகாணியின்மேல் அப்பியிருந்த எண்ணெயைத் துணியால் துடைத்தார்.

அவர் போட்ட மஞ்சள் கோடு, திருகாணியின் தலையிலிருந்து தகடுவரை, மயிரிழைகூட விலகாமல் ஒரே நேராக ஓடியது.