திறந்து காட்டிய பை

டீச்சருக்குக் குதிகாலில் ஆணி இறக்கினாற்போல் வலிக்கிறது. பள்ளி திறந்த முதல் நாள்; ஏழரை மணியிலிருந்து வகுப்பு வாசலில் நின்று, வருகிற பெற்றோரையெல்லாம் "வாங்க, வாங்க" என்று வரவேற்றுத் தொண்டையும் கட்டிவிட்டது. புதுச் செருப்புகள் கீச்சிடுகின்றன. அப்பன் கையை விடமாட்டேனென்று எவனோ அழுகிறான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு, கட்டட வேலையில் செங்கல் சுமக்கிற ஒருத்தி தன் மகளை இழுத்து வருகிறாள். போன வருடம் கலர் பென்சில் பெட்டி காணாமல் போனபோது, இந்தப் பிள்ளையைத்தான் வகுப்பு முழுக்கப் பார்க்கப் பையைக் கொட்டச் சொன்னாள். பெட்டி அதில் இல்லை. ஆனாலும் திருட்டுப் பட்டம் ஒட்டிக்கொண்டது. விடுமுறையில் அலமாரியை நகர்த்திப் பெருக்கியபோது, பெட்டி சுவரோரம் தூசி படிந்து கிடந்தது. டீச்சர் யாரிடமும் மூச்சு விடவில்லை. இப்போது அம்மாக்காரி மகளின் பையை விரியத் திறந்து நீட்டுகிறாள். "பாத்துக்குங்க டீச்சர். ரெண்டு நோட்டு, ஒரு பென்சில், சாப்பாட்டு டப்பா. சாயங்காலம் இதுக்கு மேல ஏதாவது இருந்தா என்னைக் கூப்பிடுங்க." பின்னால் ஒருவன் சிரிக்கிறான்: "என்னக்கா, ஸ்கூலுக்கு வந்தியா, செக்போஸ்டுக்கு வந்தியா?" பிள்ளை மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கிறது. "அதெல்லாம் எதுக்கும்மா, மூடுங்க." "இருக்கட்டும் டீச்சர். நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாது பாருங்க." டீச்சர் பையை வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுக்கிறாள். "உள்ள போய் உக்காரு, கண்ணு" என்கிறாள். பிள்ளை ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போகிறது. டீச்சர் அடுத்த குடும்பத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். நாற்பது பிள்ளைகள் முன்னால் கடைசி பெஞ்சுக்காரியிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு பாக்கி நிற்கிறது.