அமெதேயோவின் ராசி

"ஹால் பக்கம் தலை காட்டினீங்க, நடக்கிறதே வேற!" கரண்டியோடு சமையலறை வாசலை மறித்தாள் ஓர்னெல்லா.

"பந்தயத்துல கடைசி ரெண்டு சுற்று மட்டும் பார்த்துட்டு வந்துடறேனே?" கெஞ்சினார் அமெதேயோ. கையெல்லாம் மாவு.

"நீங்க பார்த்துப் பார்த்துத்தான் நம்ம வெர்லானி கார் மூணு வருஷமா மண்ணைக் கவ்வுது. ஒரு காலத்துல எவனையும் முன்னாடி விடாத டீமு! இன்னைக்கும் தோத்தா இழுத்து மூட வேண்டியதுதான்."

"எஞ்சின் கோளாறுக்கு நான் என்னடி பண்ணுவேன்?"

"கோளாறு உங்க ராசியில. ஊரே சொல்லுது. பாதிரியாரே சொல்லிட்டார். பேசாம டோர்டெல்லினி கொழுக்கட்டையை மடிங்க."

டிவி சத்தத்தையும் குறைத்துவிட்டாள். இனி கோயில் மணியை நம்ப வேண்டியதுதான். வெர்லானி ஜெயித்தால் பாதிரியார் மணி அடிப்பது அந்த ஊர் வழக்கம். மூன்று வருஷமாக அது பூசைக்கு மட்டுமே அடித்துக்கொண்டிருந்தது.

திடீரென்று டாண் டாண் என்று மணி முழங்கியது. தெருவெங்கும் ஹாரன் சத்தம். மாவுக் கையோடு மனைவியைத் தூக்கிச் சுற்றினார் அமெதேயோ.

போன் அடித்தது. பந்தயத் திடலிலிருந்து வெர்லானி காரை ஓட்டிய ருஜேரோ பேசினான்.

"ஜெயிச்சுட்டோம் சார்! மெக்கானிக்குங்க எல்லாரும் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க."

"நான் ஒண்ணுமே பண்ணலையேப்பா!"

"அதுக்குத்தான் சார் நன்றி. அடுத்த பந்தயத்துக்கும் தயவுசெஞ்சு இந்தப் பக்கம் வந்துடாதீங்க."

"டேய், டீம் முதலாளியே நான்தான்டா!"