ஏழு மணிக் கொலை

"நூத்தி எழுபத்தி ரெண்டு! அப்பா, இது பிரஷரா, பஸ் நம்பரா?"

மகள் அப்பாவின் கையில் சுற்றியிருந்த பட்டையைச் சர்ரென்று பிரித்தாள். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் தினமும் ஐம்பது அறுபது பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள் அவள். அப்பாவோ, சவரம் செய்யும்போது கன்னத்தில் லேசாகக் கீறினாலே நாற்காலியைத் தேடுகிற ஆசாமி.

அப்படிப்பட்டவர் ஆறு மாதமாக, மாலை ஏழு மணி அடித்தால் டிவி முன்னால் ஆஜர். துப்பறியும் தொடராம். வாரத்துக்கு ரெண்டு பிணமாவது விழும். கழுத்து அறுபட்டவன், மண்டை பிளந்தவள், பிரேதப் பரிசோதனை மேஜை என்று ஒன்றையும் விட்டுவைக்க மாட்டார்கள். அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டும். ஆனாலும் இடத்தை விட்டு அசைய மாட்டார்.

"தூக்கம் வருதா உங்களுக்கு?"

"வருது, போகுது."

"கதவைப் பூட்டினோமான்னு மூணு தடவை எழுந்து பாக்குறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பா? இவ்வளவு பயந்துக்கிட்டு எதுக்குப்பா பாக்கணும்?"

"கொலைகாரன் யாருன்னு தெரியணும்ல?"

அவளுக்குச் சுருக்கென்றது.

அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷம். அப்போது அவள் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். என்ன சண்டை என்று அப்பா இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. அண்ணன் போன் நம்பரையும் மாற்றிவிட்டான். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் அவளுக்கு இன்னமும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். 'பாப்பா' என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட மாட்டானா? கூப்பிடுகிறவர்கள் எல்லாம் விளம்பரக்காரர்கள்தான்.

பெற்ற பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்காத மனுஷர், டிவியில் செத்தவனைக் கொன்றது யார் என்று தவிக்கிறாராம்!

அன்றைக்கே கேபிள்காரரைக் கூப்பிட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

அப்பா மல்லுக்கு நிற்கவில்லை. மறுநாளிலிருந்து ஆறே முக்காலுக்குச் செருப்பை மாட்டினார்.

"காலாற நடந்துட்டு வரேம்மா."

டாக்டர் நடக்கச் சொன்னதை ஒருவழியாகக் கேட்கிறாரே என்று அவளுக்குச் சந்தோஷம். பத்தாவது நாள் பிரஷர் பார்த்தாள். நூற்று எண்பது.

"நடந்தா குறையும்னு கேள்விப்பட்டிருக்கேன். உங்களுக்கு மட்டும் ஏறுதே?"

அப்பா மோட்டுவளையைப் பார்த்தார்.

அன்று மாலை அவர் பின்னாலேயே போனாள். அவர் நேராகத் தெருமுனை சலூனுக்குள் நுழைந்தார். தலையில் பத்து முடிகூட இல்லாத மனுஷருக்கு சலூனில் என்ன வேலை?

எட்டிப் பார்த்தாள். சுவரில் டிவி. திரையில் ஒரு பிணம். கேமரா நகர்ந்து நகர்ந்து விலாவில் இருந்த வெட்டுக்காயத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. "ஐயையோ, மாத்துங்கய்யா!" என்று சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர் நுரை முகத்தோடு திரும்பிக்கொண்டார். ரத்தத்திலேயே புழங்குகிற அவளே ஓர் அடி பின்வாங்கினாள். அப்பா மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு, நடுங்க நடுங்க, கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா!"

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு.

"பொய் சொல்லிட்டு வந்து இங்க நிக்கிறீங்களா? உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்குன்னு யாருப்பா இருக்கா? அண்ணனும் இல்லை..."

சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். "அவரைத் திட்டாதம்மா. ரெண்டு நிமிஷம் பொறு. பேர் ஓடட்டும்."

"எந்தப் பேர்?"

தொடர் முடிந்தது. பொடி எழுத்தில் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. அப்பா எக்கி நின்று ஒரு வரியில் விரலை வைத்தார். வரி மேலே போகப் போக விரலும் கூடவே போனது.

'காயங்கள் ஒப்பனை' என்று இருந்தது. பக்கத்தில் அண்ணனின் பெயர். முன்னால் அப்பாவின் முதலெழுத்து.

அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இருக்கான்... நல்லா இருக்கான்! எங்கிட்ட ஏம்பா சொல்லலை?"

"என்னால போனவன்மா. எந்த முகத்தோட சொல்றது? இந்தத் தொடர் எடுக்கிற கம்பெனிக்கு ரெண்டு லெட்டர் போட்டிருக்கேன். பதில் வரட்டும்னு இருந்தேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, பேரைப் பாக்க கடைசி நிமிஷம் வந்தா போதாதா? அந்த ரத்தத்தையெல்லாம் எதுக்குப்பா பாத்து உடம்பைக் கெடுத்துக்கிறீங்க?"

அப்பா பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்த வேலை கத்துக்க ஆரம்பிச்ச புதுசு. கையில பெருசா ஒரு வெட்டுக்காயம் வரைஞ்சுக்கிட்டு எங்கிட்ட ஓடி வந்தான். 'அப்பா, நிஜம் மாதிரியே இருக்கா? பாருங்கப்பா'ன்னு அவ்வளவு ஆசையா நீட்டினான். நான் பயத்துல கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, 'இதெல்லாம் ஒரு பொழைப்பா, வெளியே போடா'ன்னு கத்திட்டேன். கண்ணைத் திறந்தா, அவன் இல்லை. எனக்கு இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆனா அவன் காட்டும்போது இன்னொரு தடவை நான் கண்ணை மூடலாமாம்மா?"