தூங்கும் சூசையப்பர்

"சாமி, என் புருஷன் புனிதராகிட்டாரு. எப்படியாவது பழையபடி ஆக்கிக் குடுங்க!"

பங்குச் சாமியார் குமெர்சிந்தோ, வாய்க்குக் கொண்டுபோன சோள ரொட்டியை அப்படியே நிறுத்தினார். எதிரில் நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றாள் ஃபிதெலினா. தச்சன் எவெலியோவின் மனைவி. அவள் சாதாரணமாகப் பேசினாலே மலைமேல் காப்பித் தோட்டம் வரை கேட்கும். இன்று கோபத்தில் வேறு இருந்தாள்.

"புனிதரானா நல்லதுதானேம்மா?"

"என்ன நல்லது? எல்லாம் உங்களால வந்த வினை! சூசையப்பர் திருநாளன்னைக்குப் பிரசங்கத்துல என்ன சொன்னீங்க?"

"ஏசுவை வளர்த்த சூசையப்பர் சாதாரணத் தச்சர்தான். அவரை மாதிரி வீட்டையும் வேலையையும் பாத்துக்கிட்டே நாமளும் புனிதராகலாம்னு சொன்னேன்."

"அதோட விட்டீங்களா? வேதாகமம் பூரா தேடினாலும் சூசையப்பர் ஒரு வார்த்தை பேசினதா இல்லைன்னீங்க. அன்னைக்கு வாயை மூடினவர்தான் சாமி! நான் சுவத்தோட பேசிக்கிட்டுக் கிடக்கேன்."

சாமியாருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. காப்பியைக் குடித்துச் சமாளித்தார்.

"பேசலேன்னா போகுது. கை வேலை செய்யுதுல்ல?"

"எங்க செய்யுது? கடவுளோட தூதரா வானத்துலேர்ந்து சம்மனசு வந்து சூசையப்பர்கிட்ட எல்லாத்தையும் கனவுலதான் சொல்லிச்சுன்னீங்களே! இவரும் சம்மனசுக்குக் காத்திருக்காராம். மத்தியானம் சாப்பிட்டதும் வலை ஊஞ்சல்ல மல்லாந்துடறாரு. ஏன்யான்னு கேட்டா, சுவத்துல மாட்டியிருக்கிற தூங்குற சூசையப்பர் படத்தைக் கையால காட்டறாரு. பிள்ளைக்கு இன்னும் தொட்டில் செய்யல சாமி. பொறந்தா எதுல போடறதுன்னு கேட்டா, மாட்டுத் தொழுவத்துல ஏசு பொறந்த படத்தைக் காட்டறாரு! ஊருக்கெல்லாம் தொட்டில் செஞ்ச தச்சன் பிள்ளை மாட்டுத் தீவனத் தொட்டியிலயா படுக்கணும்?"

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அட, அழாதேம்மா. சம்மனசு சொன்னதும் சூசையப்பர் மறு நிமிஷமே எழுந்து வேலையைப் பாத்தாரு. அதையும்தான் சொன்னேன். அதுக்குள்ள உன் புருஷன் தூங்கியிருப்பான்."

ஃபிதெலினா கண்ணைத் துடைத்தாள். ஏதோ பொறி தட்டியது.

"ஏன் சாமி, இந்தச் சம்மனசோட குரல் எப்படி இருக்கும்?"

"மெதுவா, இதமா, ரொம்ப அன்பா இருக்கும்."

"ஐயோ, அப்போ எனக்கு வராதே!"

வராவிட்டால் என்ன, பிள்ளைக்குத் தொட்டில் வேண்டுமே. அன்று மத்தியானம் புருஷன் சாப்பிட்டுப் படுத்ததும், சமைத்த கையோடு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு பூனை நடை நடந்து ஊஞ்சலருகே போனாள். எவெலியோ குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு அவன் காதருகே குனிந்தாள்.

"எவெலியோ... என் ராசா..."

சொல்லிவிட்டு அவளுக்கே கூச்சமாகிவிட்டது. கல்யாணமான புதிதில் சொன்னது. அதற்கப்புறம் 'யோவ்'தான்.

"எழுந்திரு என் தங்கமே... உன் பிள்ளைக்குத் தொட்டில் செய்யி..."

சம்மனசு என்றால் தொடாமலா இருக்கும் என்று தலையையும் மெல்லக் கோதிவிட்டாள்.

குறட்டை நின்றது. எவெலியோ எழுந்தான், சிலுவை போட்டுக்கொண்டான், நேரே பட்டறைக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் மரத்தை இழைக்கும் இழைப்புளிச் சத்தம் கேட்டது. அடேயப்பா! ஃபிதெலினா அடுப்படிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்புறமென்ன, சம்மனசு தினமும் வர ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் தொட்டிலுக்குக் கால் வந்தது, ஒருநாள் பக்கப் பலகை வந்தது. போகப் போகச் சம்மனசுக்குத் துணிச்சலும் வந்தது.

"என் கண்ணு, அப்படியே தண்ணியும் பிடிச்சு வெச்சிடு... எங்கம்மா... இல்ல, உன் மாமியார் வந்தா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே..."

எல்லாம் நடந்தது. அவள் காதில் ஓதும்போதெல்லாம் எவெலியோவின் மீசைக்கடியில் ஒரு சிரிப்பு நெளியும். மனுஷனுக்கு மோட்சமே தெரிகிறது போல என்று நினைத்துக்கொள்வாள். இவ்வளவு வெகுளியை ஏமாற்றுகிறோமே என்று பாவமாகக்கூட இருந்தது.

தொட்டிலுக்கு வார்னிஷ் அடிப்பது மட்டும்தான் பாக்கி. வயிறு இறங்கிவிட்டது, இன்றோ நாளையோ என்று மருத்துவச்சி சொல்லிவிட்டுப் போனாள். அன்று பார்த்து அடுப்பில் பீன்ஸ் தீய்ந்துபோனது. பிசைந்து வைத்த மாவில் கோழி ஏறி நடந்தது. இடுப்புவலி வேறு. ஃபிதெலினா கரண்டியும் கையுமாக ஊஞ்சலுக்கு வந்தாள்.

"யோவ்! எந்திரிய்யா! பிள்ளை பொறந்து காலேஜ் போனப்புறமா வார்னிஷ் அடிக்கப் போற?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். போச்சு, அத்தனை நாள் பாடும் போச்சு!

ஊஞ்சல் லேசாக ஆடியது. திருநாளிலிருந்து வாயே திறக்காத எவெலியோ, கண்ணைத் திறக்காமலே பேசினான்.

"சம்மனசே, மொத நாள் உன் கையில பூண்டு வாசனை அடிச்சப்பவே என் தூக்கம் போயிடுச்சு. அந்த 'என் ராசா'வுக்காகத்தான் தினமும் கண்ணை மூடிக்கிட்டுக் கிடக்கேன்... தலையைக் கோதி இன்னொரு வாட்டி சொல்லு, வார்னிஷ் அடிச்சிடறேன்!"