முதல் வாழ்த்து

"நீ பக்கத்துல நின்னா அது உன் கையெழுத்து ஆயிடும், கிளேட்டன். போய் உன் வண்டியில உட்காரு" என்றார் ஒடெஸா.

"ஒரு வார்த்தை பேச மாட்டேன், மிஸ் ஒடெஸா. சத்தியமா."

"நீ பேசவே வேண்டாம், உன் முகமே பேசுது. பொண்ணை மட்டும் உள்ளே அனுப்பு. தாளை நிரப்பிட்டியா?"

கிளேட்டன் பர்விஸ் தாளை மேஜைமேல் வைத்தார். மர லாரி ஓட்டும் கை. எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழுமாகத் துள்ளின.

"எல்லாம் என் கையாலயே எழுதினேன். காலையில எட்டரைக்கு நீங்க கதவு திறக்குறதுக்காகக் காத்திருந்தேன்."

"பார்த்தேன். வாசப்படியைத் தேய்ச்சே தீர்த்துட்ட."

"பதினாலு வருஷம் ஆச்சு, மிஸ் ஒடெஸா. புயல்ல ரோடெல்லாம் மரம் விழுந்து கிடக்கு. மரத்தை அறுத்து அறுத்து வழி பண்ணி, பிரசவ வலியில இருந்த ரெனேயை ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ச் சேர்த்தேன். அந்தத் தேதி எனக்கு மறக்குமா?"

அவர் வெளியே போனார். ஒடெஸா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். தென் ஜார்ஜியாவின் அந்தச் சிற்றூர் வக்கீல் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக அவர்தான் உறுதிமொழி வாங்கி முத்திரை போடும் நோட்டரி. பிரிந்துபோன பெற்றோரில் யாரோடு வாழ்வது என்று பதினாலு வயது நிரம்பிய பிள்ளை எழுதிக் கொடுத்தால், தகுந்த காரணம் இல்லாமல் எந்த நீதிபதியும் அதைத் தட்டிவிட மாட்டார். அப்படிப்பட்ட தாள்கள் நிறைய அவர் முத்திரையின் கீழ் போயிருக்கின்றன. சில பிள்ளைகள் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டார்கள். ஒருவன் சூயிங்கம் மென்றபடி போட்டான்.

டெலேனி உள்ளே வந்து உட்கார்ந்தாள். தேவாலயப் பாட்டுக் குழுவில் ஒடெஸாவுக்கு முன்வரிசையில் நிற்கிற பெண். அடையாள அட்டை கேட்க வேண்டியிருக்கவில்லை.

"காலையில என்ன சாப்பிட்ட?"

"வாஃபிள். மூணு. அப்பா ஒரு மெழுகுவர்த்தியையும் குத்தி வச்சார். கடையில எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. மானம் போச்சு."

"போனா போகட்டும். இங்க பாரு, இதுல கையெழுத்துப் போட்டா நீ அப்பா வீட்டுக்குப் போயிடுவ. மனசு மாறினா அடுத்த தாளுக்கு ரெண்டு வருஷம் காத்திருக்கணும். புரியுதா?"

"புரியுது, மேடம்."

"யாராவது மிரட்டினாங்களா? கார் வாங்கித் தர்றேன், நாய் வாங்கித் தர்றேன்னு ஏதாவது?"

"அப்பாவா? அவரோட வண்டிக்கே ஒரு கதவு திறக்காது."

ஒடெஸா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அம்மா வீட்ல என்ன குறை?"

"ஒண்ணும் இல்ல. எல்லாம் நேரத்துக்கு நடக்கும். பல் டாக்டர்கிட்ட போற நாள்கூட ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கும்."

"அப்புறம்?"

டெலேனி நகத்தைப் பார்த்தாள். "சிரிக்காதீங்க. எனக்கு வாழ்த்துச் சொல்றதுல வருஷா வருஷம் அப்பாதான் முதல் ஆள். எனக்கு அஞ்சு வயசுல இருந்து. அம்மா கேக்குக்கு மாவு கலக்குறதுக்கு முன்னாடியே போன் வந்துடும். ஒரு வருஷம் அலபாமாவுல லாரி கவிழ்ந்து கால் உடைஞ்சு கிடந்தார். அப்பவும் எல்லாருக்கும் முன்னாடி கூப்பிட்டார். அம்மா வீட்ல நான் ஒரு வேலை மாதிரி, மிஸ் ஒடெஸா. ஒழுங்கா நடக்குற வேலை. அப்பாவுக்கு என் நினைப்பு தானா வருது."

காரணத்தை எடைபோடுவது நீதிபதியின் வேலை. ஒடெஸா தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார்.

"வரி விடாம படி. படிச்சிட்டு வலது கையைத் தூக்கி, இதுல இருக்கிறது எல்லாம் உண்மைன்னு சொல்லணும். பொய்யா இருந்தா அது உன் தலையிலதான் விடியும், உங்கப்பா தலையில இல்ல."

அவள் படித்தாள். முதல் வரியில் பெயர். இரண்டாவது வரியில் விரல் நின்றது.

ஜன்னலுக்கு வெளியே கிளேட்டன் பக்கத்து இருக்கையிலிருந்த சங்கிலி, கையுறை, காலி டப்பா எல்லாவற்றையும் வண்டியின் பின்பக்கம் வீசிவிட்டு, இருக்கையைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் பார்ப்பதைக் கண்டதும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"இதை யார் எழுதினது?"

"அவர்தான். எல்லாம் என் கையாலயேன்னு பெருமையா சொன்னாரே. ஏன், கையெழுத்து புரியலையா?"

"புரியுது."

டெலேனி பேனாவை மூடி, தாளின்மேல் குறுக்காக வைத்தாள். வலது கை மடியிலேயே இருந்தது.

"இதுல பிறந்த தேதி மே பதினாறுன்னு போட்டிருக்கு. எனக்கு நாளைக்குத்தான் பதினாலு ஆகுது."

ஒடெஸா காலண்டரைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை, பதினாறு. "அட, ஒரு நாள் வித்தியாசம்தானே பொண்ணே! திங்கட்கிழமை வந்தா வேற தாள் தர்றேன்."

"ஒவ்வொரு வருஷமும் ஒரு நாள் முன்னாடிதான் கூப்பிடுவார், மிஸ் ஒடெஸா" என்றாள் டெலேனி. "முந்திக்கிறார்னு நினைச்சிட்டிருந்தேன்."