இரண்டு ஷிப்டுக்கு ஒரு பிளாஸ்க்

"இதுவும் அந்தக் காபி இல்ல" என்று டம்ளரைத் தள்ளி வைத்தார் ஃபிட்டர்.

அவர் மனைவி உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்து வந்து நாற்காலியில் வைத்தாள். நான்கு புடவை, மூக்குக்கண்ணாடி, முட்டிக்குத் தடவும் தைலம். கூட்டிப்போக மகள் வந்தாயிற்று. டயர் கிடங்கில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"ஒரு டம்ளர் காபிக்காகவாம்மா வீட்டை விட்டு வர்றே?"

"காபிக்கு இல்லடி. நான் என்ன செஞ்சாலும் இந்த மனுஷனுக்கு ஆகல. அதுக்கு."

இருவரும் ஒரே நூல் மில்லில் முப்பது வருஷம் உழைத்தவர்கள். மெஷின் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய தொண்டைகள். ரகசியம் பேசினாலும் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். இந்தச் சண்டை தெருமுனை வரை கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் போன வருஷமே ஓய்வு பெற்றுவிட்டாள். அவர் இரண்டு மாதம் முன்பு. மில் கேன்டீன் காபி இல்லாமல் போன முதல் நாளே அவர் ஆரம்பித்துவிட்டார், பழைய காபி வேண்டும் என்று. பழையது என்றால், மகள் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்துக் காபி. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் அப்போது ஆளுக்கொரு ஷிப்ட் கேட்டு வாங்கியிருந்தார்கள். அவளுக்குக் காலை ஆறு முதல் இரண்டு. அவருக்கு இரண்டு முதல் பத்து. சங்கு ஊதும்போது மில் கேட்டில் இரண்டு நிமிஷம் பார்த்துக்கொள்வார்கள். அரிசி தீர்ந்துபோச்சு, குழாயில் தண்ணி வரல, பிள்ளைக்கு இருமல். அதுதான் அவர்களுடைய குடும்பம். ராத்திரி அவர் வரும்போது அவள் உறங்கியிருப்பாள். நாலு மணிக்கு எழுந்தாக வேண்டும். மேசை மேல் பிளாஸ்க் மட்டும் விழித்திருக்கும்.

"கை நிறைய எண்ணெயோட அந்த மூடியைத் திறப்பேன்" என்று மகளிடம் முறையிட்டார். "வாசனை வரும் பாரு, உடம்புல இருக்கற கிரீஸ் நாத்தம் அத்தனையும் போயிடும். கடுங்காபிதான், ஆனா கசக்காது. ஞாயித்துக்கிழமை நேர்ல போட்டுக் குடுப்பா, அதுலகூட அந்த ருசி இருக்காது. லீவு நாள் அலுப்புன்னு நானும் விட்டுடுவேன். இப்ப தினமும் போடறது கஷாயம்."

அவள் போடாத விதம் இல்லை. பொடியோடு சேர்த்துப் பொங்கப் பொங்கக் கொதிக்க வைத்தாள். துணியில் முடிந்து முக்கினாள். புது வடிகட்டி வாங்கினாள். கடை மாற்றிப் பொடி வாங்கினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகச்சுளிப்புதான் கூலி. வேறு என்னதான் செய்வது என்று நேற்றுக் கேட்டதற்கு, மனசு வைத்தால் வரும் என்றிருக்கிறார். அந்த ஒரு சொல்தான் பையைக் கட்ட வைத்தது.

"அப்ப மனசு இருந்துச்சு, இப்ப இல்ல. அவ்வளவுதான்" என்றார் ஃபிட்டர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

கிளம்பத் தோளில் மாட்டிய பையை மனைவி கீழே இறக்கினாள்.

"மனசைப் பத்தி நீங்க பேசாதீங்க. எட்டு மணி நேரம் நின்ன காலோட மதியம் வீட்டுக்கு வருவேன். பிளாஸ்க்ல காபி சூடா இருக்கும். வேலைக்குக் கிளம்பற அவசரத்துலயும் எனக்காகப் போட்டு வெச்சிட்டுப் போயிருப்பீங்க. அந்த ஒரு டம்ளரை நெனச்சுக்கிட்டுத்தான் இவ்வளவு காலம் உங்ககூட ஓட்டினேன். அந்த ஆளு எங்க போனாரு? இந்த ரெண்டு மாசத்துல ஒரு நாள் அடுப்படிக்குள்ள வந்தீங்களா?"

ஃபிட்டர் திரும்பினார்.

"நானா? எனக்குச் சுடுதண்ணி வைக்கவே தெரியாதே. நீதானே எனக்கு ராத்திரி போட்டு வெச்சே?"

"நான் எட்டு மணிக்கே கட்டையா சாஞ்சிடுவேன். நீங்களே வந்து போட்டுக் குடிக்கறீங்கன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

வீட்டில் சத்தம் நின்றது. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

மகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். இருவரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினாள்.

"அடுப்பைத் தொட்டா கையை ஒடிப்பேன்னு ரெண்டு பேரும் சொல்லி வெச்சிருந்தீங்க. எனக்கு அப்ப ஏழு வயசு, மதியம் ஒரு மணிக்கே பள்ளிக்கூடம் விட்டுடும். அப்பா வேலைக்குக் கிளம்பினதும் ஒரு தடவை, அம்மா தூங்கினதும் ஒரு தடவை, பயந்துக்கிட்டேதான் பத்த வெப்பேன். தண்ணி கொதிச்சதும் முதல்ல அடுப்பை அணைச்சிடுவேன். அணைச்ச பிறகுதான் பொடியைப் போட்டுத் தட்டால மூடுவேன். நூறு வரைக்கும் எண்ணிட்டு வடிகட்டுவேன். பள்ளிக்கூடத்துல அதுவரைக்கும்தான் சொல்லிக் குடுத்திருந்தாங்க."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஃபிட்டர் பையைக் காலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர்தான் கேட்டார், இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று.

"முதல் நாள் குடிச்சுட்டு, 'அப்பாவா போட்டாரு'ன்னு அம்மா கேட்டா. மறுநாள் காலையில 'அம்மாவா போட்டா'ன்னு நீங்க கேட்டீங்க. ரெண்டு பேர் முகமும் அப்படி நல்லா இருந்து நான் அதுவரைக்கும் பார்த்ததே இல்ல. அதான், ஆமான்னுட்டேன்."