மாலபர்ட் வாயை மூடவில்லை

ஆங்கில அகராதியில், வழக்கொழிந்த சொல்லுக்கு முன்னால் குட்டிக் கத்தி போல ஒரு குறியை (†) அச்சடிப்பார்கள். அப்படி ஒரு கத்தி 'மாலபர்ட்' என்ற சொல்லின் தலைமாட்டில் வந்து நின்றது.

"நீ செத்தாச்சு. இனிமே பேசாதே."

"நான் பிரெஞ்சுக்காரங்ககிட்டேர்ந்து வந்தவன். எசமானை நிமிர்ந்து பார்த்துப் பதில் சொன்ன வேலைக்காரங்களை என் பேரைச் சொல்லித்தான் திட்டினாங்க. இப்ப யாரும் பதில் சொல்றதில்லையா?"

"சொல்றாங்க. அவங்களைத் திட்ட வேற வார்த்தை வந்தாச்சு. உன்னை எவனும் சீண்டறதில்லை. வாயை மூடு."

"மாட்டேன்."

"செத்தும் இந்தத் திமிரா?"

"பக்கத்துலயே என் அர்த்தம் போட்டிருக்கு. படி."

கத்தி படித்தது: 'அடக்க அடக்க எதிர்த்துப் பேசுகிற.'

"முதல்ல அந்த வரியை அழிச்சிட்டு வா," என்றது மாலபர்ட். "அப்புறம் மூடறேன்."